உள்ளமும் உணவும்



சினங்கொண்டு கத்துகின்ற ஒருவனைப் பார்த்து, "இவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் ஏற்றத்தாழ்வே உடல் நோய்க்கும் உள்ள நோய்க்கும் காரணம் என்பது நம் சித்த மருத்துவர் கொள்கை. பண்டைக் கிரேக்க நாட்டில் ஹிப்போகிராட்டீஸின் வழிவந்த மருத்துவர்களும் ஏறத்தாழ இவ்வாறே எண்ணினர். காரணமின்றித் துயரில் ஆழ்ந்து கிடப்பவனுடைய உடம்பிற் கரும்பித்தம் மிகுந்துவிட்டது என்றனர். ஆங்கிலத்தில் மனச்சோர்வைக் குறிக்க வழங்கும் 'மெலங்கோலி' என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழியிற் கரும்பித்தம் என்பதே பொருள்.

அறிவியல் வளர்ந்தபோது, கரும்பித்தம் என்றொரு பொருளே உடம்பில் இல்லை என்பது தெரிந்தது. பழைய கொள்கை நகைப்புக்கு இடமாயிற்று. ஆயின், இருபதாம் நூற்றாண்டில் அது வேறோர் உருவில் திரும்பி வந்தது. மூளையிற் சுரக்கும் சில பொருள்கள் நம் மகிழ்ச்சிக்கும் சோர்வுக்கும் பசிக்கும் துணைநிற்கின்றன என்று அறிஞர் கண்டனர். அவர்கள் அதனைக் கண்ட வரலாற்றையும், உணவை மறுக்கும் கொடிய நோயொன்றினை அறிவதற்கு அக்கண்டுபிடிப்பு எவ்வளவு தூரம் உதவியது, எங்கே உதவாமல் நின்றுவிட்டது என்பதையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரியா நாட்டிற் கிராட்ஸ் என்னும் ஊரில் ஆட்டோ லோவி என்னும் பேராசிரியர் இருந்தார். நரம்பின் வழியே செல்லும் செய்தி, நரம்பு முடிந்த இடத்திலிருந்து தசைக்கு எவ்வாறு தாவுகிறது என்பது அக்காலத்துப் பெரிய வினா. மின்சாரமாகவே தாவுகிறது என்றனர் ஒரு சாரார். ஏதோ ஓர் இரசாயனப் பொருள் சுரந்து செய்தியைக் கொண்டுசேர்க்கிறது என்றனர் மற்றொரு சாரார். ஈஸ்டர் திருநாளை ஒட்டிய ஓர் இரவில் லோவிக்கு ஒரு கனவு வந்தது. அவ்வினாவைத் தீர்ப்பதற்குரிய சோதனை அக்கனவில் தோன்றியது. அரைத் தூக்கத்தில் எழுந்து, ஒரு துண்டுத் தாளிற் குறித்துவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் எடுத்துப் பார்த்தால், தம் கையெழுத்து தமக்கே புரியவில்லை! (மாணவர்களின் கையெழுத்தைப் பற்றி ஆசிரியர்கள் என்னிடம் முறையிட்டபோதெல்லாம் இந்நிகழ்ச்சி என் நினைவுக்கு வரும்.) நல்வாய்ப்பாக மறுநாள் இரவும் அவ்வெண்ணம் தோன்றியது. இம்முறை அவர் தாளை நம்பவில்லை. இரவென்றும் பாராமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார்.

சோதனை மிக எளியது. இரு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புநீரிலே துடிக்கவிட்டார். முதல் இதயத்தோடு, அதன் வேகத்தைத் தணிக்கும் நரம்பு இணைந்திருந்தது. அந்நரம்பைத் தூண்டியதும் இதயம் மெல்லத் துடித்தது. பின்னர், அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து இரண்டாம் இதயத்தின்மேல் விட்டார். நரம்பே இல்லாத அவ்விரண்டாம் இதயமும் வேகம் தணிந்தது. நரம்பிலிருந்து ஏதோ ஒன்று நீரிற் கலந்து சென்றிருக்கவேண்டும் என்பது உறுதியாயிற்று. 1921இல் லோவி இதனை வெளியிட்டார். அப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் விளங்கிற்று. 1936இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி டேலும் லோவியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இரண்டே ஆண்டுகளில், யூதர் என்ற காரணத்தால், நாஜிகள் லோவியைச் சிறையிலிட்டு, அப்பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டு நாட்டைவிட்டுத் துரத்தினர். அது தனிக் கதை.

தவளையின் இதயத்தில் நடப்பது மனிதனின் மூளையிலும் நடக்கிறதா? இதற்கு விடை வர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் என்பவர் 1930களிற் குடலின் உட்சுவரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். அது தசையைச் சுருங்கச் செய்தது. 1948இல் அமெரிக்காவிற் கிளீவ்லண்டு நகரத்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவர், மாட்டின் இரத்த நீரிலிருந்து, இரத்தக் குழாயை இறுக்கும் பொருள் ஒன்றைப் பிரித்து அதற்கு ஸெரடோனின் என்று பெயரிட்டனர். இரண்டும் ஒரே பொருள் என்பது பின்னர்த் தெரிந்தது. அதுவரை, குடலுக்கும் குருதிக்கும் உரிய பொருள் என்றே அதனை எல்லோரும் எண்ணியிருந்தனர். பெட்டி ட்வாராக் என்னும் இளம்பெண் மட்டும், மூளையிலும் அது இருக்கக்கூடும் என்று ஐயுற்றுத் தேடினார். தேடியது வீண்போகவில்லை. 1953இல் அவரும் பேஜும் அதனை வெளியிட்டனர். நம் உடம்பில் உள்ள ஸெரடோனினிற் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் குடலிலேயே இருக்கிறது. மூளையில் உள்ளது மிகச் சிறு பங்கு. உள்ளத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவைப் பேசும்போது இதனை மறத்தலாகாது.

இனி வருவது நம் நாட்டோடு தொடர்புடையது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயத்தின் அடிவாரத்திலும் சர்ப்பகந்தி என்றொரு சிறு செடி வளர்கிறது. அதன் வேரைப் பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் பித்துக்கும் நம் மருத்துவர் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தனர். 1931இற் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, சித்தம் கலங்கியோரை அமைதிப்படுத்துகிறது என்று ஒரு கட்டுரையில் எழுதினர். அது இந்திய மருத்துவ இதழொன்றில் வந்தது. ஆதலின் மேனாட்டார் அதனைப் படிக்கவில்லை. 1949இற் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்னும் இதழில், இரத்த அழுத்தத்துக்கு இவ்வேர் தரும் பயனை எழுதினார். அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஒரே உண்மையைச் சொன்ன இரு கட்டுரைகளுக்கு இடையே 18 ஆண்டுகள்! 1952இல் ஸ்விட்சர்லாந்தின் பாஸெல் நகரத்திற் ஸீபா நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அவ்வேரிலிருந்து ரெஸர்ப்பின் என்னும் பொருளைத் தனியே பிரித்தெடுத்தனர். 1954இல் நியூயார்க் மாநிலத்திலே, நேதன் கிளைன் என்பவர் மனநோயாளிகளுக்கு அதனைக் கொடுத்து, வெறிகொண்டோர் அடங்கியதைக் கண்டு எழுதினார்.

ஆயின், அழுத்தத்தைக் குறைப்பதற்காக ரெஸர்ப்பின் உட்கொண்டவர்களிற் சிலர், காரணம் தெரியாத ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்தனர். மருந்து மூளையில் என்ன செய்கிறது? 1955இல் அமெரிக்காவிற் பெர்னார்ட் பிராடியும் அவருடைய துணைவர்களும், ரெஸர்ப்பின் கொடுத்த முயல்களின் மூளையிற் ஸெரடோனின் வற்றிப்போவதைக் கண்டனர். சிறிது காலத்துக்குப் பின்னர், ஸ்வீடன் நாட்டு ஆர்வித் கார்ல்ஸன், டோபமின் முதலிய வேறு பொருள்களும் அவ்வாறே வற்றுகின்றன என்று காட்டினார். ரெஸர்ப்பின் தின்று அசையாமற் கிடந்த முயலுக்கு, டோபமினாக மாறக்கூடிய ஒரு பொருளை ஊசிவழிச் செலுத்தினார். முயல் காதை நிமிர்த்தி எழுந்தது. 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், நியூயார்க் நகரத்து ஸீ வியூ காசநோய் மருத்துவமனையில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்று நடந்தது. 1952இல் அங்கே ஐப்ரோனியாஸிட் என்னும் புதிய காசநோய் மருந்து தரப்பட்டது. எலும்பும் தோலுமாய்ப் படுக்கையிற் கிடந்த நோயாளிகள், நுரையீரல் ஆறுவதற்கு முன்னரே எழுந்து நடந்தனர், சிரித்தனர், தாழ்வாரத்தில் ஆடினர். அதுவரை உணவைக் கண்டால் முகம் சுளித்தவர்கள், இன்னும் கொடு என்று கேட்டு வாங்கி உண்டனர். மகிழ்ச்சியும் பசியும் கைகோத்து வந்தன! அம்மருந்து, ஸெரடோனின் முதலியவற்றை மூளையிற் சிதைக்கும் ஒரு நொதியைத் தடுத்து, அப்பொருள்களைப் பெருகச் செய்கிறது என்பது தெரியவந்தது. 1957இல் அதே கிளைன் அதனை மனச்சோர்வுக்கு மருந்தாக்கினார். (ஈரலுக்குத் தீங்கு செய்ததால் அது பின்னர்க் கைவிடப்பட்டது.)

ஒரு மருந்து இப்பொருள்களை வற்றச் செய்கிறது, சோர்வு வருகிறது. மற்றொன்று பெருகச் செய்கிறது, ஊக்கம் வருகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த அறிஞர்கள், சோர்வு என்பது இப்பொருள்களின் குறைவே என்று 1960களில் முடிவு கட்டினர். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதனினும் வசதியான கொள்கை வேறில்லை. நானே வகுப்பில், விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஒளி மங்குவதைப் போல என்று உவமை கூறி விளக்கியிருக்கிறேன். அவ்வுவமையை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ரெஸர்ப்பின் உண்டவர்களிற் பெரும்பாலோர் சோர்வடையவில்லை. சோர்வு நீக்கும் மருந்துகள், மூளையில் அப்பொருள்களைச் சில மணி நேரத்திலேயே மாற்றிவிடுகின்றன. ஆனால் நோயாளி தேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. எண்ணெய் ஊற்றியதும் விளக்கு எரியவேண்டாமா? 2022இல் லண்டனைச் சேர்ந்த ஜோனா மான்கிரீஃபும் பிறரும், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஸெரடோனின் குறைவே சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதினர். அம்முறையில் தொகுத்தது சரியன்று என்று வேறு அறிஞர் மறுத்தனர். மருந்தாற் பயன் பெறுவோர் பலர் உளர் என்பதில் ஐயமில்லை. ஏன் பயன் தருகிறது என்பதற்கே முழு விடை கிடைக்கவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை தின்றாற் காய்ச்சல் தணிகிறது. அதனால், உடம்பில் மாத்திரை குறைந்ததே காய்ச்சலுக்குக் காரணம் என்று யாரும் சொல்வதில்லை அன்றோ?

இனி உணவுக்கு வருவோம். மணிமேகலைக் காப்பியத்திற் காயசண்டிகை என்பவள், எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் நோயால் வருந்துகிறாள். அக்காப்பியத்திற் பசி ஒரு பிணியாகவே பேசப்படுகிறது. ஆனால் அக்கதையில் இன்றைய மருத்துவத்தைத் தேடுவது பொருந்தாது. அங்கே நோய் முனிவர் சாபத்தால் வந்தது, அமுதசுரபியின் சோற்றால் தீர்ந்தது. நான் சொல்லப்போவது இதற்கு மறுதலையான நோய். உணவு கண்ணெதிரே இருக்கிறது. வாங்கப் பணமும் இருக்கிறது. உண்ண மட்டும் உள்ளம் இடங்கொடுப்பதில்லை.

இந்நோயை முதலில் தெளிவாக எழுதிவைத்தவருள் ஒருவர் ரிச்சர்ட் மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர். 1689இல் வந்த அவருடைய நூலில் இரு நோயாளிகள் வருகின்றனர். ஒருத்தி 18 வயதுப் பெண், எலும்புக்கூடாய் மெலிந்தும், இரவு பகலாகப் புத்தகமும் கையுமாக இருந்தாள், மருந்தை மறுத்தாள், இறந்துபோனாள். மற்றவன் 16 வயதுச் சிறுவன். அளவுக்கு மீறிப் படித்ததும் மனக் கவலையுமே அவன் உணவை வெறுக்கக் காரணம் என்று மார்ட்டன் கருதினார். படிப்பை நிறுத்து, நாட்டுப்புறம் சென்று நல்ல காற்றில் இரு, குதிரையேறு, பால் குடி என்றார்; அவன் தேறினான். இது பெண்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று எண்ணுவோர் இச்சிறுவனை நினைவிற்கொள்ள வேண்டும்.

1873இற் பாரிஸில் லாசேக் என்பவரும் லண்டனிற் ஸர் வில்லியம் கல் என்பவரும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே இந்நோயை விரித்துரைத்தனர். கல், விக்டோரியா மகாராணியின் மருத்துவருள் ஒருவர். அனோரெக்ஸியா நெர்வோஸா என்று அவர் இட்ட பெயரே இன்றும் வழங்குகிறது. நரம்புக் கோளாறால் வந்த பசியின்மை என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதன்று. இந்நோயாளிகளுட் பலருக்குப் பசி இல்லாமலில்லை. பசியோடு ஓயாது போராடுகின்றனர். எனினும் கல் கூர்மையாகக் கண்டது ஒன்றுண்டு. இவ்வளவு மெலிந்தவர்கள் சோர்ந்து கிடக்காமல் ஓயாது நடமாடிக்கொண்டே இருக்கின்றனர் என்று அவர் வியந்தார். வேளை தவறாமல் உணவு ஊட்டவேண்டும் என்றார். ஊட்டும் பொறுப்பை உறவினரிடம் விடலாகாது, அவர்களே மிகவும் பொருந்தாதவர்கள் என்றும் எழுதினார். இந்தக் கடைசிச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இதற்குத் திரும்புவேன்.

உண்ணும் விருப்பம் மூளையில் எங்கே பிறக்கிறது என்பதைத் தேடியவருள் ஓர் இந்தியருக்கு உயர்ந்த இடம் உண்டு. பால் கிருஷ்ண ஆனந்த், 1951இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரோபெக்குடன் சேர்ந்து ஆராய்ந்தார். மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. அதன் பக்கவாட்டில் ஓர் இடத்தை இருபுறமும் அழித்துவிட்டால், எலி உண்பதை அறவே நிறுத்திவிடுகிறது. உணவுக்கு நடுவே இருந்தும் பட்டினியால் மடிகிறது. அவ்விடத்துக்கு 'உண்ணும் மையம்' என்று பெயரிட்டனர். ஆனந்த் பின்னர், 1956இல் தோன்றிய டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் துறையை வளர்த்தார். யோகிகளின் மூளை அலைகளையும் ஆராய்ந்தார். இருபது ஆண்டு கழித்து ஸ்டாக்ஹோமில் உங்கர்ஸ்டெட் என்பவர், அவ்வழியே டோபமினைச் சுமந்து செல்லும் நரம்பிழைகள் ஓடுகின்றன, அவற்றை மட்டும் அழித்தாலே எலி உண்ணாதிருக்கிறது என்று காட்டினார். 1995இல் ஸியாட்டிலில், டோபமினே உண்டாகாதவாறு மரபணு மாற்றிய சுண்டெலிகளை வளர்த்தனர். பிறந்து சில வாரங்களில் அவை உண்பதை விட்டு இறந்தன. கார்ல்ஸன் முயலுக்குக் கொடுத்த அதே பொருளை ஊசிவழிக் கொடுத்தபோது, எழுந்து உண்டன.

மூளையின் இரசாயனம் மாறினால் உணவு மாறும் என்பது இதனால் தெளிவு. உணவு மாறினால் மூளை மாறுமா? என் கருத்தில் இவ்வரலாற்றிலேயே மிக முக்கியமான சோதனை இவ்வினாவைப் பற்றியது. அதுவும் ஸெரடோனினுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னரே நடந்தது.

1944ஆம் ஆண்டு. ஐரோப்பாவிற் போர் முடியும் தறுவாயில் இருந்தது. இலட்சக்கணக்கானோர் பட்டினியில் வாடினர். நம் வங்காளத்தில் அதற்கு முந்திய ஆண்டுதான் கொடும்பஞ்சம் உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. பட்டினி கிடந்தவர்களை மீட்பது எவ்வாறு என்று அறிவதற்காக, அமெரிக்காவின் மினஸோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போரிற் கொல்லமாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமே விரும்பி முன்வந்தனர். உடலும் உள்ளமும் நலமாக உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். விளையாட்டரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்த அறைகளில் வாழ்ந்தனர். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான உணவிற் பாதியே கிடைத்தது: உருளைக்கிழங்கு, கோசுக்கிழங்கு, கருநிற ரொட்டி. எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது.

உடல் மெலிந்தது வியப்பன்று. உள்ளத்தில் நேர்ந்ததே வியப்பு. கலகலப்பாக இருந்தவர்கள் தனித்திருக்க விரும்பினர். அற்பக் காரணங்களுக்குச் சீறினர். சோர்வும் கலக்கமும் சூழ்ந்தன. உணவைத் தவிர வேறெதனையும் எண்ண முடியவில்லை. சமையல் நூல்களைக் கதைப் புத்தகம்போற் படித்தனர். சிறிதளவு உணவை நீர் கலந்து பெருக்கி, மணிக்கணக்கில் அளைந்து உண்டனர். தட்டை நக்கினர். தம் அறிவு மழுங்கிவிட்டதென்று அவர்களே நம்பினர். ஆனால் தேர்வு வைத்துப் பார்த்தபோது அறிவுத்திறன் குறைந்ததாகத் தெரியவில்லை. மீண்டும் உணவு கொடுத்தபோது சிலர் அளவின்றி உண்டு, உண்ட பின்னும் நிறைவு பெறாது தவித்தனர். 1950இல் கீஸும் துணைவர்களும் இதனை இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர்.

இவர்கள் மனநோயாளிகளல்லர் என்பதைக் கவனியுங்கள். உண்ணா நோயின் அடையாளங்கள் என்று மருத்துவர் குறித்துவைத்திருந்தவற்றுட் பல, நலமான இளைஞரிடம் வெறும் உணவுக் குறைவால் தோன்றின. ஆகவே, மெலிந்த பிள்ளையொன்று பிடிவாதம் பிடிக்கிறது, சிடுசிடுக்கிறது, பொய் சொல்கிறது என்று நாம் குறைகூறும்போது, நாம் காண்பது அப்பிள்ளையின் குணத்தையா, பட்டினி கிடக்கும் மூளையையா?

இதனை நான் உரிய காலத்தில் அறிந்திருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், என் பொறுப்பில் இருந்த பள்ளியிற் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, நாள்தோறும் தன் மதிய உணவைத் தோழியர்க்குப் பகிர்ந்து கொடுத்துவிடுவாள். வீட்டில் முறுக்கும் அதிரசமும் தானே செய்து வகுப்புக்கே கொண்டுவருவாள். முதல் மதிப்பெண் பெறுபவள். காலை வணக்கக் கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்து, ஈகைக்கு எடுத்துக்காட்டு என்று பாராட்டினேன். எல்லோரும் கைதட்டினர். ஆறு வாரம் கழித்து, வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அவள் மயங்கி விழுந்தாள். தாங்கிப் பிடித்த ஆசிரியை, "ஐயா, இவள் உடம்பிற் கனமே இல்லை" என்று அழுதார். தான் உண்ணாமற் பிறர்க்குச் சமைத்துக் கொடுப்பதும் இந்நோயாளிகளிடம் காணப்படும் வழக்கம் என்று மருத்துவர் சொன்னபோது, நான் தலைகுனிந்து நின்றேன்.

பட்டினி மூளையை மாற்றும் வழிகளுள் ஒன்று இப்போது ஓரளவு புலப்பட்டிருக்கிறது. ஸெரடோனினை உண்டாக்க டிரிப்டோஃபான் என்னும் மூலப்பொருள் வேண்டும். 1901இல் இங்கிலாந்திற் ஹாப்கின்ஸும் கோலும் கண்டறிந்த பொருள் அது. உடம்பு அதனைத் தானே செய்துகொள்ள இயலாது. பருப்பு, பால், முட்டை முதலிய உணவிலிருந்தே பெறவேண்டும். 1971இல் அமெரிக்காவில் ஃபெர்ன்ஸ்ட்ரம், வுர்ட்மன் என்னும் இருவர், எலி உண்ணும் உணவின் தன்மைக்கேற்ப அதன் மூளையிற் ஸெரடோனின் கூடக் காண்கிறது என்று காட்டினர். 1990இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வொன்று, உணவைக் குறைத்த பெண்களின் குருதியிற் சில வாரங்களிலேயே டிரிப்டோஃபான் குறைந்ததைத் தெரிவித்தது.

இதிலிருந்து வால்ட்டர் கே என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். உண்ணா நோய்க்கு ஆளாவோர் இயல்பிலேயே கவலையும் குற்றமறச் செய்யவேண்டுமென்ற தவிப்பும் மிக்கவர். உணவைக் குறைத்ததும் மூளையிற் ஸெரடோனின் குறைய, அக்கவலை தற்காலிகமாகத் தணிகிறது. உண்டால் அது மீண்டும் எழுகிறது. ஆகவே உண்ணாமையே அவர்களுக்கு ஆறுதலாகிவிடுகிறது என்பது அக்கருத்து. இது முடிந்த முடிபன்று. உண்மையாயின், "வாயைத் திறந்து சாப்பிட்டால் என்ன?" என்று நாம் கேட்கும் எளிய வினா, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் இறங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அளவின்றி உண்டு, பின்னர் அச்சத்தால் அதனை உடம்பில் தங்கவிடாமற் செய்யும் மற்றொரு நோயை, 1979இல் லண்டனில் ஜெரால்டு ரஸல் என்பவர் பிரித்துக் காட்டி, புலிமியா நெர்வோஸா என்று பெயரிட்டார். மூளையிற் ஸெரடோனின் நீடித்து நிற்கச் செய்யும் ஃபுளூவாக்ஸட்டின் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயன் தருகிறது என்று, 387 பெண்களைக் கொண்டு நடத்தி 1992இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதே மருந்தை, உண்ணா நோயிலிருந்து எடை மீண்ட 93 பேரிடம் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வெறும் மாத்திரையினும் அது மேம்பட்டதாக இல்லை. ஒரே உறவினவாகிய இரு நோய்கள், ஒரே மருந்து, ஒன்றில் வெற்றி, மற்றொன்றில் தோல்வி. ஸெரடோனின் கூடினால் நலம், குறைந்தால் நோய் என்னும் தராசுக் கணக்கு இங்கே செல்லாது.

மெலிந்த மூளைக்கு இன்றுவரை கண்டுள்ள முதல் மருந்து உணவுதான். அதனை ஊட்டுபவர் யார் என்பதில் மட்டும் மருத்துவம் கல் சொன்னதற்கு மாறாகத் திரும்பியது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில், மேற்சொன்ன ரஸலும் பிறரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், நோய் கண்டு மூன்றாண்டு ஆகாத இளையோர்க்குக் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு செய்த சிகிச்சையே மிகுந்த பயன் தந்தது. பெற்றோரைக் குற்றவாளிகளாக ஒதுக்கிவைக்காமல், பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து வேளைதோறும் உண்பிக்கும் துணைவராக்கினர். (உங்களுக்கோ உங்கள் தோழர்க்கோ இத்தகைய இடர் நேர்ந்தால், 2022இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.)

என் மாணவியின் தாய் கூலி வேலைக்குச் செல்பவர். மருத்துவர் கூறியபடி, அவர் வேலையை விட்டுவிட்டு ஏழு மாதம், நண்பகல் மணி அடித்ததும் தூக்குச்சட்டியோடு பள்ளிக்கு வந்துவிடுவார். வெளியாரை உள்ளே விடக்கூடாது என்னும் விதியை நான் அவர்பொருட்டுத் தளர்த்தினேன். தலைமையாசிரியர் அறையை அடுத்த சிறு அறையில் இருவரும் அமர்வர். முதல் நாட்களில் அங்கிருந்து அழுகையும் சச்சரவும் கேட்கும். தாய் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சோறு தீரும்வரை எழுந்ததுமில்லை. பிற்பகல் முதல் வகுப்புக்கு அவள் காலந்தாழ்த்து வருவதை ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டிற் குறிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். அவ்வாண்டு அவள் தேர்வு எழுதவில்லை. மறு ஆண்டு எழுதினாள். முதல் மதிப்பெண் வேறொருத்திக்குப் போயிற்று. முடிவு வந்த அன்று தாயும் மகளும் என்னைப் பார்க்க வந்தனர். கொண்டுவந்த அதிரசத்தில் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றை அவள் அங்கேயே நின்று தின்றாள்.